காற்று குறைந்த ஊரில் ஒரு சீஸ் சாண்ட்விச்

முதல் தடவை செய்தபோது மேல் பிரெட்டைக் காணவில்லை. ஏர் ஃபிரையரின் டிராயரை இழுத்துப் பார்க்கிறேன், கீழே ஒரு பிரெட், அதன்மேல் அரைகுறையாக வியர்த்த சீஸ், அவ்வளவுதான். ரெண்டு துண்டு வைத்து மூடியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் நின்ற மாமியாரைக்கூட ஒரு நொடி சந்தேகமாகப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் கருகல் வாசனை வந்தது. மேல் துண்டு பறந்துபோய் உச்சியில் இருக்கும் சூட்டுக் கம்பிச் சுருளில் ஒட்டிக்கொண்டு புகைந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். அந்த வாசனை வீட்டைவிட்டுப் போக ரெண்டு நாள் ஆனது. ஜனவரி மாதம் கொடைக்கானலில் எவர் ஜன்னலைத் திறந்து வைப்பார்?

நாங்கள் இருப்பது நாயுடுபுரம் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது பெரியகுளம், கல்யாணமாகி மேலே வந்து பதினாறு வருஷமாகிறது. இந்த மெஷின் நானாக வாங்கியதில்லை. மதுரையில் இருக்கும் அண்ணன் தன் வீட்டுக்கு வாங்கும்போது இரண்டாவது பாதி விலைக்குக் கிடைத்ததாம், கொடுத்துவிட்டான். மூன்று மாதம் அது அடுப்படி மூலையில் பெட்டியோடு கிடந்தது, மாமியார் அந்தப் பெட்டியின்மேல் பூண்டு காயவைத்தார். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த மகள்தான், "அம்மா, இதுல கிரில்டு சீஸ் பண்ணித் தாம்மா, மாமா வீட்டுல எட்டே நிமிஷத்துல பண்றாங்க" என்று ஆரம்பித்து வைத்தாள்.

மதுரைக் கணக்கு இதுதான்: 180 டிகிரி, ஒரு பக்கம் நாலு நிமிஷம், திருப்பிப் போட்டு நாலு நிமிஷம். ஃபோனில் தேடினாலும் எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். அண்ணன் மகன் வீடியோ காலில் செய்தே காட்டினான். பொன் நிறத்தில் பிரெட், பிய்த்தால் இழுபடும் சீஸ். "ரொம்ப ஈசி அத்தை" என்றான். அதே கம்பெனி, அதே அளவு மெஷின். ஒரே ஒரு வித்தியாசம், அவனுடையதில் ஒரு கம்பித் தட்டு கூடுதலாக வந்திருக்கிறது, அதைச் சாண்ட்விச் மேலே கவிழ்த்து வைத்துவிடுகிறான். அதனால் அவனுக்குப் பிரெட் பறக்கும் என்பதே தெரியாது.

பறக்கும் சிக்கலுக்கு வழி சொன்னது மாமியார்தான். அவருக்கு ஊர் பூம்பாறை, பூண்டுக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். "ஏம்மா, இலை தைக்கிற மாதிரி ரெண்டு குச்சியக் குத்திவிட வேண்டியதுதானே?" என்றார். கல்யாண வீட்டுக்கு உட்கார்ந்து இலை தைத்த கை அது. வீட்டில் பல்குச்சி இல்லை, புதுத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி நாலு உருவி, கழுவி, சின்னதாக ஒடித்து, கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்து, மூலைக்கு மூலை சாய்வாகக் குத்தினேன். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு பிரெட்டும் பறக்கவில்லை. இப்போது பல்குச்சி டப்பாவே வாங்கி வைத்துவிட்டேன். சாப்பிடும் முன் குச்சிகளை எண்ணி எடுத்துவிட வேண்டும், அதில் மட்டும் சோம்பல் கூடாது.

சரி, பறப்பது நின்றது. ஆனால் சாண்ட்விச் வரவில்லை. எட்டு நிமிஷத்தில் வெளியே எடுத்தால் வெளியே ரஸ்க், உள்ளே சீஸ் வைத்தபடி இருக்கிறது, ஓரம் மட்டும் லேசாக உருகியிருக்கிறது. நிமிஷத்தைக் கூட்டினால் ரஸ்க் இன்னும் ரஸ்க் ஆகிறதே தவிர வேறு பலன் இல்லை. மகள் கடித்துப் பார்த்துவிட்டு டீயில் நனைத்துச் சாப்பிட்டாள், அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு நடந்ததில்லை.

இந்த மெஷினுக்குப் பெயரில்தான் 'ஃபிரை' இருக்கிறது, உள்ளே எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேலே ஒரு விசிறி, சின்னக் கூண்டுக்குள் சூடான காற்றை வேகமாகச் சுழற்றி அடிக்கிறது, அவ்வளவுதான். பேக்கரியில் இருக்கும் ஓவனைச் சுருக்கி மேஜைமேல் வைத்த மாதிரி. ஃப்ரெட் வான் டெர் வெய் என்ற நெதர்லாந்துக்காரர் உருவாக்கியதை 2010இல் பெர்லினில் ஃபிலிப்ஸ் அறிமுகப்படுத்தியது, அங்கிருந்துதான் இது உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஊர்களெல்லாம் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருப்பவை. நாங்கள் இருப்பது சுமார் 2100 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கல்யாணமாகி வந்த புதிதில் உலையில் சோறு வேகவே வேகாமல் நான் அழுத கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடு ஏறாது, அரிசி பாவம் என்ன செய்யும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகவைப்பது நேர்த்திக்கடன் மாதிரி.

காற்றை வைத்துச் சுடும் மெஷின், காற்று மெலிந்த ஊர். மெலிந்த காற்று அதே 180 டிகிரியில் இருந்தாலும் அது சுமந்து வந்து பிரெட்டில் இறக்கும் சூடு குறைவு. இன்னொரு பக்கம், அழுத்தம் குறைவு என்பதால் பிரெட்டில் இருக்கிற ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. ஆக, சூடு உள்ளே போய்ச் சேர்வதற்குள் வெளியே காய்ந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரே குஷி, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று.

வீட்டுக்காரர்தான் அந்தக் குஷியில் மண்ணைப் போட்டார். அவருக்கு வயரிங் வேலை, லாட்ஜ்களுக்கும் காட்டேஜ்களுக்கும் செய்து கொடுப்பவர். "மணி என்ன?" என்றார். ஏழு. ஃபிரிட்ஜுக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரின் முள்ளைக் காட்டினார், உள்ளே வரும் வோல்டேஜ் 180இல் நின்றது. குளிர்கால சாயங்காலம், தெரு முழுக்க ஹீட்டரும் கீசரும் ஓடும் நேரம். சூட்டுக் கம்பியின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடி குறையும் என்று கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார். 230 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் மெஷின் 180 வோல்ட்டில் 920 வாட்டுக்குப் பக்கத்தில்தான் தரும். நான் 1500 வாட் மெஷினில் செய்வதாக நினைத்துக்கொண்டு இஸ்திரிப்பெட்டிக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒன்றில் செய்துகொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, முள் 220இல் இருக்கும்போது வைத்துப் பார்த்தேன். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சாதாரணச் சின்னப் பிளக் பாயின்ட்டில், அதிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். நான் செருகினேன். பாக்ஸ் இளகி ஒரு பக்கம் வாயைக் கோணிக்கொண்டது. வீட்டிலேயே வயரிங்காரர் இருக்கும் பெண் இப்படிச் செய்தாள் என்று அவர் இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கீசருக்குப் போடும் பெரிய பிளக் பாயின்ட்தான் வேண்டும்.

மீதிப் பாதிச் சிக்கலுக்குக் காரணம் காற்றும் இல்லை, கரன்டும் இல்லை, சீஸ். மதுரையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் மேடையில் வைத்தால் சீஸ் தளர்ந்துவிடும், வெண்ணெய் வழியவே ஆரம்பித்துவிடும். எங்கள் அடுப்படி ஜனவரியில் காலை பத்து டிகிரி, பன்னிரண்டு டிகிரி. இங்கே ஃபிரிட்ஜுக்கு வெளியே வைப்பதும் உள்ளே வைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். வெண்ணெயைக் கத்தியால் தடவினால் பிரெட் கிழிகிறது. இப்போது நான் செய்வது, வெண்ணெய்க் கிண்ணத்தைக் காய்ச்சி இறக்கிய பால் பாத்திரத்தின் மூடிமேல் வைப்பது, சீஸைத் துருவி ஒரு தட்டில் பரப்பி அதே பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பது. கட்டியாக வைத்த துண்டைவிடத் துருவியது வேகமாக உருகும். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிசாக வேலை செய்தது. காற்றின்மேல் பழி போடத்தான் எனக்கு ஆசை, கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

எந்தச் சீஸ் என்பதில் நிறையக் காசு கரைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் ஸ்லைஸ் பாக்கெட் எந்தக் கஷ்டமும் தராமல் பாகு மாதிரி உருகும். அதற்கென்றே செய்யப்பட்டது அது. சீஸோடு சில உப்புகளைச் சேர்த்துக் காய்ச்சினால் கொழுப்பும் புரதமும் பிரியாமல் சேர்ந்தே நிற்கும் என்று 1911இல் சுவிட்சர்லாந்தில் கெர்பர், ஸ்டெட்லர் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து அமெரிக்காவில் கிராஃப்ட் என்ற சீஸ் வியாபாரி தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். உருகுவதில் குறை சொல்ல முடியாது, ருசியில் சொல்லலாம். எங்கள் ஊரிலேயே செய்கிற செடார் ருசி அபாரம், ஆனால் நாள்பட்ட செடாரைத் தனியாக வைத்தால் எண்ணெய் கக்கி, திட்டுத் திட்டாக நிற்கும். நான் கண்ட கணக்கு, செடார் ரெண்டு பங்கு, மொசரெல்லா ஒரு பங்கு, ரெண்டையும் பிடித்து வைக்க அரை ஸ்லைஸ் கிள்ளிப் போடுவது. சீஸ் விஷயம் தெரிந்தவர்கள் இந்த அரை ஸ்லைஸுக்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பன்னீர் வைத்து ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ஆறுதல் சொல்கிறேன், அது உங்கள் குற்றமில்லை. பாலைக் கொதிக்கவைத்துப் புளிப்பு சேர்த்துத் திரித்த எதுவும் உருகாது, சூடாக்கினால் இன்னும் இறுகத்தான் செய்யும். குழம்பில் பன்னீர் கரையாமல் நிற்கிறதே, அதே குணம்தான்.

பிரெட் விஷயத்தில் மட்டும் குளிர் எங்களுக்குச் சாதகம். பிரெட்டைக் கெட்டியாக்குவது ஈரம் காய்வது மட்டும் இல்லை, மாவுச்சத்து மறுபடி இறுகுவது, அது குளிரில்தான் வேகமாக நடக்கும். ஃபிரிட்ஜில் வைத்த பிரெட் வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் விறைப்பதும் இதனால்தான். எங்கள் அடுப்படியே ஃபிரிட்ஜ் மாதிரி என்பதால் நேற்று வாங்கிய பிரெட் இன்று செங்கல். ஆனால் சுடும்போது அந்த இறுக்கம் இளகிவிடும், அதனால் சாண்ட்விச்சுக்கு நேற்றைய பிரெட்தான் நல்லது, வெண்ணெய் தடவினால் கிழியாது. பேக்கரியில் கேட்டால் மெல்லிசாக வெட்டித் தருவார்கள், தடி பிரெட் இந்த மெஷினுக்கு ஆகாது.

வெளிப்பக்கம் என்ன தடவுவது என்பதில் வீட்டில் மூன்று கட்சி. வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்குக்குப் பக்கத்தில் தண்ணீர்தான், அது காய்ந்தபிறகுதான் நிறம் ஏறும், ஆனால் அதில் இருக்கும் பால்சத்து கருகும்போது வரும் மணம் வேறு எதிலும் வராது. நெய் சீராக மொறுமொறுப்பாக்கும், ஆனால் நெய் ரோஸ்ட் தின்ற ஞாபகம் வந்துவிடும். மகள் சொன்ன மயோனைஸ் நிறத்துக்கு நல்லதுதான், அதில் எண்ணெயும் முட்டையும் இருக்கிறதே. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடை போட்டபோது அந்தக் கட்சி எங்கள் வீட்டில் கலைந்தது. நான் வெண்ணெய் கட்சி. பிரெட்டின் விளிம்புவரை, மூலைவரை தடவ வேண்டும். தடவாத இடம்தான் முதலில் காய்ந்து ரஸ்க் ஆகும்.

வெண்ணெயில் மலைப்பூண்டு ரெண்டு பல் நசுக்கிச் சேர்ப்பேன். மாமியார் வீட்டுக் காட்டுப் பூண்டு, ரெண்டு பல்லே ஜாஸ்தி. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு கொடைக்கானல் மலைப்பூண்டு என்று எங்கெங்கோ விளைந்ததை விற்கிறார்கள் என்பது மாமியாரின் தீராத புலம்பல். நசுக்கியதும் கண்ணில் தண்ணீர் வராவிட்டால் அது எங்கள் பூண்டில்லை என்பார். பூண்டை வெளிப்பக்கம் தடவும் வெண்ணெயில் மட்டும் கலந்துவிடாதீர்கள், கருகிக் கசக்கும். உள்பக்கம் தடவும் வெண்ணெயில்தான். கூடவே தாண்டிக்குடி மிளகு ஒரு இடி.

இப்போது நான் செய்யும் விதம். மெஷினைக் காலியாக நாலு நிமிஷம் ஓடவிடுவேன். காலியாக ஓடும்போது உள்ளே பட்டர் பேப்பர் போடக்கூடாது, அதுவும் பறந்து கம்பியில் ஒட்டும். சாண்ட்விச்சைக் குச்சி குத்தி உள்ளே வைத்து 160 டிகிரியில் நாலு நிமிஷம், திருப்பி இன்னொரு மூன்று நிமிஷம். 180 என்று எல்லோரும் சொல்வதை நான் கேட்பதில்லை, இந்தக் குறைந்த சூட்டில் வெளிப்பக்கம் காயாமல் உள்ளே சீஸ் தளர நேரம் கிடைக்கிறது. அப்புறம் 200இல் ரெண்டு நிமிஷம், நிறம் ஏற்ற. நிறமும் மணமும் வருவதற்குப் பிரெட்டின் மேல்தோல் 140 டிகிரியைத் தாண்ட வேண்டும், ஈரம் இருக்கும்வரை தாண்டாது, அதனால்தான் கடைசியில் இந்த உசுப்பல். மாமியார் டைமரை நம்புவதில்லை. ரேடியோவில் கோடை பண்பலை ஓடிக்கொண்டிருக்கும், "ஒரு பாட்டு முடிஞ்சா திருப்பு" என்பார். பழைய பாட்டு என்றால் கணக்கு கச்சிதமாக வருகிறது, பாட்டுக்கு நடுவே பேச ஆரம்பித்துவிட்டால்தான் ஆபத்து.

அமெரிக்காவில் இதற்குத் துணை தக்காளி சூப்பாம். எங்களுக்கு மரத்தக்காளி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ரெண்டு மரம் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை சந்தையிலும் கிடைக்கும். அடுப்பில் சுட்டுத் தோலை உரித்து, பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் வெல்லத்தோடு மத்தால் கடைந்தால் போதும். அந்தப் புளிப்பில் சீஸின் கொழுகொழுப்பு வெட்டுப்பட்டுப் போகும். பேரிக்காய் சீசனில் மெல்லிசாகச் சீவி உள்ளேயே வைப்பதும் உண்டு, அது வீட்டுக்காரருக்குப் பிடிக்காது, "பழத்தைப் போயி சுடுவாங்களா" என்பார், பஜ்ஜியில் வாழைக்காய் மட்டும் சரியாம்.

இவ்வளவு பாடுபட்டபிறகு கேட்பீர்கள், தோசைக்கல்லில் போட்டால் ஆகாதா? ஆகும். இன்னும் நன்றாகவே ஆகும். கல்லில் பிரெட் நேராக உட்காருகிறது, காற்று கொண்டுவந்து தரும் சூட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி சிறுதீயில் விட்டால் சீஸும் உருகும், மேல்தோலும் வெண்ணெய் குடித்துச் சீராகச் சிவக்கும். ஒரு சாண்ட்விச் வேண்டுமென்றால் நான் இன்னமும் கல்லைத்தான் எடுக்கிறேன். ஏர் ஃபிரையர் ஜெயிப்பது ரெண்டு நேரத்தில். நாலு பேருக்குப் போட்டுவிட்டு பக்கத்தில் நிற்காமல் வேறு வேலை பார்க்கும்போது ஒன்று. இன்னொன்று, சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கும் குளிர்கால ராத்திரி. சிலிண்டரில் இருக்கும் கலவையில் புரோபேன் முதலில் ஆவியாகித் தீர்ந்து, கடைசியில் பியூட்டேன்தான் அதிகம் மிஞ்சும். அது ஆவியாவதே பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் என்பதால், வெளியில் வைத்த சிலிண்டர் குளிரில் மூச்சு வாங்கும், அடுப்பில் தீ ஊதுவத்தி அளவுக்கு எரியும். அந்த மாதிரி ஒரு ராத்திரியில்தான் மாமியார் முதன்முதலாக, "அந்தக் காத்துச் சட்டியப் போடு" என்றார். பெட்டியின்மேலிருந்த பூண்டும் அன்றைக்குத்தான் இடம் மாறியது.

வருகிற பொங்கல் லீவுக்கு அண்ணன் குடும்பத்தோடு மேலே வருகிறான். அவன் மகன், "அத்தை, நான் வந்து பண்ணிக் காட்டுறேன், 180, எட்டு நிமிஷம், நீங்க சும்மா குழப்பிக்கிறீங்க" என்கிறான். பண்ணட்டும். சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் கேட்கப்போகிறேன். சீஸை ஜன்னலோரம் வைத்திருப்பேன், பல்குச்சி டப்பாவை இப்போதே எடுத்துப் பூண்டுக் கூடைக்கு அடியில் வைத்தாயிற்று.